எழுத்துப் பாடத்தைக் கலப்பு முறையில் நடத்தப் போகிறவர்களுக்கு

கல்லூரி முதலாண்டு எழுத்துப் பாடத்தைப் பாதி நேரடியாகவும் பாதி இணையவழியிலும் நடத்தச் சொன்னபோது, கையில் இருந்த பாடக்குறிப்புகளை இரண்டாகப் பிரித்தேன். விளக்கம் வகுப்பில், எழுதுவது வீட்டில். மையக் கருத்தை எப்படிச் சொல்வது, பத்தியை எப்படி அமைப்பது, மேற்கோளை எப்படிக் கையாள்வது எல்லாம் கரும்பலகையில் ஓடும். கட்டுரை மூடுல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் வந்து சேரும். அந்த செமஸ்டர் முழுக்க மாணவர்கள் எழுதுவதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எழுதி முடித்ததை மட்டும்தான் பார்த்தேன். எழுத்தை முடிந்த பொருளாக அல்ல, நடக்கிற செயலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுத்துப் பயிற்றுவிப்பு பற்றி எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் மரே 1972-லேயே வலியுறுத்தியிருக்கிறார். அதைப் படித்திருந்தும் என் கால அட்டவணையில் அதற்கு இடம் ஒதுக்கவில்லை.

அடுத்த முறை அப்படியே திருப்பிப் போட்டேன். விளக்கமெல்லாம் எட்டு நிமிடத்துக்கு மிகாத காணொளிகளாக இணையத்துக்குப் போயின. வகுப்பு நேரம் எழுதுவதற்கு. முதல் 20 நிமிடம் யாரும் பேசுவதில்லை, நானும் எழுதுவேன். பிறகு மேசை மேசையாகப் போய் உட்கார்வேன்.

அப்படி உட்கார்ந்த ஒரு நாள் மறக்கவில்லை. ஒரு மாணவி கைப்பேசிப் பழக்கம் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். "இன்றைய நவீன உலகில் கைப்பேசி இன்றியமையாததாகிவிட்டது" என்று தொடக்கம். அதை நான்கு முறை அடித்துத் திருத்தியும் அதே வாக்கியம்தான் வேறு வேறு சொற்களில் வந்திருந்தது. மூன்றாவது பத்தியின் நடுவில், "என் தங்கை அம்மாவிடம் பேசுவதற்கு முன் கைப்பேசியிடம் பேசக் கற்றுக்கொண்டாள்" என்று ஒரு வரி. "இது உண்மையா?" என்று கேட்டேன். ஐந்து நிமிடம் தங்கையைப் பற்றியே பேசினார். "இப்போது சொன்னதை அப்படியே எழுதுங்கள், கட்டுரை அங்கேதான் ஆரம்பிக்கிறது" என்றேன். அந்த வரியை வட்டமிட்டு, மேலே அம்புக்குறி போட்டுக்கொண்டார். வீட்டில் எழுதி அனுப்பியிருந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் "நல்ல உதாரணம்" என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். அதனால்தான் சொல்கிறேன்: நேரில் கிடைக்கிற மணித்துளிகளை விளக்கத்துக்குச் செலவழிக்காதீர்கள்.

இணையப் பகுதிக்கு வருவோம். நிதானமாகச் செய்ய வேண்டியவை அங்கே நன்றாக நடக்கும், குறிப்பாக ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்வது. ஆனால் "சக மாணவரின் வரைவுக்குக் கருத்துரை இடுக" என்று மட்டும் சொன்னால், "சூப்பர், நன்றாக இருக்கிறது, எழுத்துப்பிழைகளைப் பார்க்கவும்" என்பதற்கு மேல் எதுவும் வராது. அவர்கள் மேல் தவறில்லை; நண்பரின் எழுத்தை எடைபோடச் சொன்னால் யாருக்கும் சங்கடம்தான். எடைபோட வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று வேலை கொடுத்தேன். இந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று நீங்கள் புரிந்துகொண்டதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்த வாக்கியத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். எழுதியவரிடம் பதில் தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு கேள்வியைக் கேளுங்கள். முதலாவதுதான் அதிகம் வேலை செய்தது. தான் ஒன்று சொல்ல நினைக்க, படித்தவர் வேறொன்றைப் புரிந்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்த மாணவர், நான் சொல்லாமலே திருத்த உட்கார்ந்தார். குழுவுக்கு மூன்று பேர் போதும். நான்காவது ஆள் சேர்ந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கிவிடுகிறார்.

நேரக் கணக்கில் கவனமாக இருங்கள். வாரம் மூன்று மணி நேர வகுப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் காணொளி, விவாதம், வினாடி வினா என்று ஏற்றினால் அது ஒன்றரைப் பாடம். நான் முதல் செமஸ்டரில் ஏற்றினேன். ஆறாவது வாரத்துக்குள் பாதிப் பேர் இணைய வேலையைத் தொடவே இல்லை. கலப்பு முறை உயர்ந்தது என்பதற்கு அமெரிக்கக் கல்வித்துறை 2010-ல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வை அடிக்கடி காட்டுவார்கள். அதில் கலப்பு முறை மாணவர்கள் சற்று மேலாகச் செய்திருந்தது உண்மை. ஆனால் அந்த வகுப்புகள் பலவற்றில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் சேர்ந்தே இருந்தன என்றும், பலனை இணையத்தின் கணக்கில் மட்டும் எழுதக்கூடாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. எனவே ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுங்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பை ஒன்றாக்கி, மீதி ஒன்றரை மணி நேரத்துக்குள் இணைய வேலை அடங்குகிறதா என்று நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.

உங்கள் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். 40 பேர், ஆளுக்கு 15 நிமிடம் என்றால் ஒரு வரைவுக்கு 10 மணி நேரம். மூன்று வரைவுக்கும் பக்கம் பக்கமாகத் திருத்தம் எழுத யாராலும் முடியாது. முதல் வரைவுக்கு நான் வகுப்பில் வாயால் மட்டும் சொல்கிறேன், மதிப்பெண் கிடையாது. இரண்டாவதற்கு மூன்று நிமிடக் குரல்பதிவு. எழுத்தில் கருத்துரை கடைசி வரைவுக்கு மட்டும், அதுவும் இரண்டு விஷயத்தைத் தாண்டாமல். குரலில் சொன்னால் மாணவர்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்கிறார்கள், இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

மென்பொருள் எதுவாகவும் இருக்கட்டும். கைப்பேசியில் திறக்க வேண்டும், எல்லாமே ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வீட்டில் எழுதியது யார் எழுதியது என்ற சந்தேகம் எல்லா ஆசிரியருக்கும் வந்தது. இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நான் நம்புவதில்லை. தானே எழுதிய மாணவரைத் திருடன் என்று அவை சொல்லிவிட்டால் அந்தக் காயம் ஆறாது. முதல் வரைவு வகுப்பிலேயே கையால் எழுதப்படுவதால் எனக்கு அந்தச் சந்தேகம் பெருமளவு குறைந்தது. அந்தத் தாளைப் படமெடுத்துக் கோப்பில் ஏற்றச் சொல்கிறேன். அதற்குப் பிறகான மாற்றங்கள் கூகுள் டாக்ஸின் பதிப்பு வரலாற்றில் இருக்கும்.

முதல் வாரம் எழுதிய தாளை மட்டும் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரம் அதைத் திருப்பிக் கொடுத்து, "இதை எழுதியவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்" என்று கேளுங்கள். நான் மதிப்பெண் போடுவது அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான்.