வீங்காத கை

குடியாத்தத்திலிருந்து பரதராமி வழியாகச் சித்தூர் செல்லும் சாலையோர ஊர்களில் நான் தொழுநோய்க் களப்பணியாளனாக இருந்தபோது, ஐம்பது வயதைக் கடந்த லுங்கி நெசவாளர் ஒருவர் எங்களிடம் வந்தார். புருவ முடி உதிர்ந்து, காது மடல்கள் தடித்திருந்தன. மடலில் கீறி எடுத்த கசிவை நுண்ணோக்கியில் பார்த்தபோது தொழுநோய்க் கிருமிகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. மருத்துவர் சொன்னபடி, ஒரு முன்கையில் கொன்ற தொழுநோய்க் கிருமிகளிலிருந்து செய்த லெப்ரோமினையும் மறு முன்கையில் காசநோய்க் கிருமியின் புரதமான டியூபர்குலினையும் தோலுக்குள் செலுத்தினேன். மூன்றாம் நாள் டியூபர்குலின் போட்ட இடம் நன்றாகத் தடித்திருந்தது. நான்கு வாரம் கழித்து லெப்ரோமின் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தேன்; ஊசி போட்ட சுவடே இல்லை.

"வீங்கவே இல்ல சார், அப்போ நோய் போயிடுச்சுதானே?" என்று அவர் மகிழ்ச்சியோடு கேட்டார். வரிசையில் பலர் காத்திருந்ததால், "மாத்திரையை விடாம சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பல மாதங்களுக்குப் பின் தேடிச் சென்று பார்த்தபோது சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கியிருந்தன, தறியில் நாடாவைப் பிடிக்க அவரால் முடியவில்லை. அன்று ஐந்து நிமிடம் செலவிட்டு விளக்காதது இன்றும் என்னை வருத்துகிறது.

உண்மையில் அந்த வீங்காத தோல்தான் நோயின் கடுமையைக் காட்டியது. ஒரே ஒரு தேமலோடு வருபவர்களின் கையில் லெப்ரோமின் நன்றாகத் தடிக்கும். அவர்கள் உடலில் கிருமிகள் மிகக் குறைவு. டி செல்கள் என்னும் எதிர்ப்பாற்றல் வெள்ளணுக்கள் கிருமியை அடையாளம் கண்டதன் அறிகுறிதான் அந்தத் தடிப்பு. இவருடைய டி செல்கள் காசநோய்க் கிருமியின் புரதத்தை அடையாளம் கண்டு எழுந்தன, தொழுநோய்க் கிருமிக்கு மட்டும் எழவில்லை. ஆகவே எதிர்ப்பாற்றல் முழுவதும் குன்றிவிட்டது என்று இதைச் சொல்ல முடியாது.

அதன் காரணம் எனக்குப் பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் விளங்கியது. டி செல் எழுவதற்கு இரண்டு சைகைகள் வேண்டும். ஆன்டிஜனை, அதாவது கிருமியின் அடையாளத் துணுக்கை, டி செல் தன் ஏற்பியால் தொட்டறிவது முதல் சைகை. ஆன்டிஜனைக் காட்டும் செல்லிலுள்ள பி7 என்னும் மூலக்கூறு டி செல்லின் சிடி28 ஏற்பியைத் தூண்டுவது இரண்டாவது சைகை. முதலாவது மட்டும் வந்து இரண்டாவது வராவிட்டால், டி செல் தனக்குத் தேவையான இன்டர்லூகின்-2 என்னும் வளர்ச்சிப் பொருளைச் சுரக்காமல் அடங்கிவிடுகிறது. பிறகு இரண்டு சைகைகளும் சேர்ந்து வந்தாலும் அது எழுவதில்லை. 1987ல் ஜென்கின்ஸ், ஷ்வார்ட்ஸ் என்னும் ஆய்வாளர்கள், ஆன்டிஜனைக் காட்டும் செல்களை இரண்டாவது சைகை தர முடியாதபடி வேதிப்பொருளால் மாற்றி ஆய்வகத்தில் இதைக் காட்டினார்கள். அந்த டி செல் சாவதில்லை. இன்டர்லூகின்-2ஐ வெளியிலிருந்து கொடுத்தால் மீண்டும் பெருகவும் கூடும். தொழுநோயில் இந்த ஒரு வழி மட்டுமே செயல்படுவதாகச் சொல்லிவிட முடியாது. அடக்கும் வகை டி செல்களுக்கும் அதில் பங்குண்டு.

நெசவாளர் மறுபடியும் மருந்து எடுத்துக்கொண்டார். ஆறு ஆண்டுகளில் கிருமிகள் கண்ணில் படாமல் போயின. மருத்துவர் மீண்டும் லெப்ரோமின் போடச் சொன்னார். அந்த இடம் முன்போலவே தட்டையாக இருந்தது. இம்முறை நான் அவருடைய தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறி, மருந்து கிருமியைக் கொன்றுவிட்டதையும் உடலுக்கு அந்தக் கிருமி இன்னும் அடையாளம் தெரியாததையும் சொல்லி முடித்தபின்தான் எழுந்தேன்.