காவனதங்கா என்னும் ஒரு சொல்

1840 பிப்ரவரி 6 அன்று நியூசிலாந்தின் வைத்தாங்கியில் பிரிட்டிஷ் அரசுக்கும் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் தலைவர்களுக்கும் இடையே கையெழுத்தான உடன்படிக்கையின் இரு மொழி வடிவங்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஆங்கில வடிவம் இறையாண்மை முழுவதும் பிரிட்டிஷ் அரசிக்கு அளிக்கப்பட்டதாகக் கூறுகிறது. பெரும்பாலான தலைவர்கள் ஒப்பமிட்ட மாவோரி வடிவமோ 'காவனதங்கா' எனப்படும் ஆளுகையை மட்டும் விட்டுக்கொடுத்து, நிலம், ஊர்கள், உடைமைகள் மீதான 'தினோ ரங்கதிரதங்கா' என்னும் முழுத் தலைமையுரிமையை அம்மக்களிடமே நிறுத்துகிறது. (மொழிபெயர்த்தவர் ஹென்றி வில்லியம்ஸ் என்ற மதபோதகர், அது பிழையா, தந்திரமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.)

பிரிட்டிஷ் படைகள் மாவோரிகளுக்கு எதிராக நடத்திய வைக்காட்டோ போரையொட்டி வந்த 1863ஆம் ஆண்டுச் சட்டம் 'கலகக்காரர்' நிலங்களைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது. ஆனால் 1865இல் நிலைபெற்ற பூர்வகுடி நில நீதிமன்றமே, என் பார்வையில், அதைவிட ஆழமான கேட்டை விளைவித்தது. குலத்தின் பொதுவுடைமையாக இருந்த நிலத்தைத் தனியாட்களின் பெயருக்கு மாற்றி விற்பனைக்கு எளிதாக்கிய அந்நீதிமன்றத்தில், வழக்குச் செலவுக்காகவே நிலத்தை இழந்தவர்கள் பலர்.

1975இல், 80 வயதை நெருங்கிய மாவோரித் தலைவர் ஃபினா கூப்பர், நில இழப்பை எதிர்த்துத் தலைநகர் வெலிங்டனை நோக்கிய நில நடைப்பயணத்துக்குத் தலைமை தாங்கினார். உடன்படிக்கை மீறல் புகார்களை விசாரிக்க அதே ஆண்டு உருவான வைத்தாங்கி தீர்ப்பாயம், 1840இல் ஒப்பமிட்ட வடபகுதித் தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று 2014இல் அறிவித்தது. அன்றைய அரசு அம்முடிவை ஏற்கவில்லை.