வாயால் கேட்டால் கெடு ஓடாது: டெக்சாஸ் பள்ளியில் ஐஇபி வாங்கிய அனுபவம்

"இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமே." பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை, பேச்சு தெளியவில்லை என்று டெக்சாஸ் அரசுப் பள்ளிக்குப் போனால் முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். ஆசிரியை கவுன்சலரிடம் அனுப்புவார். கவுன்சலர் ஆசிரியையிடமே திருப்பி அனுப்புவார். எங்களுக்கு ஒரு செமஸ்டர் முழுக்க இதில் கரைந்தது. கடைசியில் பார்த்தால், அத்தனை பேச்சுக்கும் பள்ளியில் ஒரு வரிகூடப் பதிவு இல்லை.

ஐஇபி என்பது சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்குப் பள்ளி எழுதித் தரும் தனித் திட்டம். அதற்கு முதல் படியான சிறப்புக் கல்வி மதிப்பீட்டை வாயால் கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் டெக்சாஸ் சட்டத்தின் 15 பள்ளி நாள் கெடு, எழுத்தில் கேட்டால்தான் ஓடத் தொடங்கும். அந்தக் கடிதமும் பள்ளி முதல்வருக்கோ, அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்ட்டின் சிறப்புக் கல்வி இயக்குநருக்கோ போக வேண்டும். வகுப்பு ஆசிரியைக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் போதும். பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்தெந்த விஷயத்தில் சிரமம் என்று நான்கைந்து வரி எழுதி, "ஃபுல் இண்டிவிஜுவல் அண்ட் இனிஷியல் இவால்யுவேஷன்" வேண்டும் என்று அதே சொற்களில் கேளுங்கள். "உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் இன்டர்வென்ஷன் (பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தரும் கூடுதல் பயிற்சி) குழுவில் சேர்த்துவிட்டு, உதவி செய்தாயிற்று என்பார்கள்.

அந்த 15 பள்ளி நாளுக்குள் இரண்டில் ஒன்று வந்தாக வேண்டும்: கையெழுத்துப் போடச் சம்மதப் படிவம், அல்லது ஏன் மறுக்கிறோம் என்று காரணத்தோடு எழுத்து மூலமான நோட்டீஸ். "முதலில் இன்டர்வென்ஷன் முடியட்டும்" என்பது காரணமே ஆகாது. இன்டர்வென்ஷனைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2011-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இதை மரியாதையாக ஒரு வரியில் குறிப்பிட்டதும் எங்களுக்குப் படிவம் வந்துவிட்டது. அதுவரை அந்தப் படிவம் எங்கே இருந்ததோ!

இந்தத் தயக்கத்துக்கு டெக்சாஸில் ஒரு வரலாறு உண்டு. 2004-லிருந்து மாநிலக் கல்வி முகமை, மொத்த மாணவரில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் டிஸ்ட்ரிக்ட்டின் மதிப்பெண்ணைக் குறைத்தது. நாடு முழுக்க அந்த விகிதம் சுமார் 13. ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் 2016-ல் இதை அம்பலப்படுத்தியது. 2017-ல் சட்டமன்றம் தடை போட்டது. 2018 ஜனவரியில், மாநிலம் மத்தியச் சட்டத்தை மீறியது என்று மத்தியக் கல்வித் துறை அறிவித்தது. உச்சவரம்பு போய்விட்டது. அந்தக் காலத்தில் பழகிய "பார்ப்போமே" மட்டும் போகவில்லை.

சம்மதம் கொடுத்த நாளிலிருந்து அறிக்கைக்கு 45 பள்ளி நாள். இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஊர்ப் பயணம். பிள்ளை மூன்று நாளோ அதற்கு மேலோ வராவிட்டால், வராத நாள்களின் எண்ணிக்கை அளவுக்குக் கெடுவும் நீளும். டிசம்பர் விடுமுறையோடு இரண்டு வாரம் சேர்த்து லீவு எடுத்தால் அந்த இரண்டு வாரமும் உங்கள் கணக்கில்தான். ஆண்டின் கடைசிப் பள்ளி நாளுக்கு 35 பள்ளி நாளாவது முன்பே சம்மதம் போயிருந்தால் ஜூன் 30-க்குள் அறிக்கை தர வேண்டும். அதற்கும் பிந்தினால் கோடை தாண்டி இலையுதிர் காலம்தான். படிவத்துக்கான 15 நாளையும் வசந்த விடுமுறையையும் கூட்டிப் பாருங்கள்: பிப்ரவரிக்குள் மின்னஞ்சல் போயிருக்க வேண்டும்.

மொழி விஷயத்தில் இரண்டு பக்கமும் பள்ளம். வீட்டு மொழிப் படிவத்தில் 'தமிழ்' என்று எழுதியதும் "ஆங்கிலம் பழகினால் சரியாகிவிடும்" என்று சிரமத்தைத் தள்ளிவிடுவது ஒரு பக்கம். ஆங்கிலம் போதாத பிள்ளையை ஆங்கிலத்திலேயே சோதித்துக் குறைபாடு என்று முடிவு கட்டுவது இன்னொரு பக்கம். ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு கலிஃபோர்னியாவில் இது நடந்துதான் 1970-ல் டயானா வழக்கு வந்தது. இன்று சட்டம் தெளிவு: இயன்றவரை பிள்ளையின் மொழியில் சோதிக்க வேண்டும்; ஆங்கிலம் போதாமையே முடிவுக்கு முதன்மைக் காரணமாக இருக்கக் கூடாது. நடைமுறையில் தமிழில் சோதிக்க ஆள் கிடைப்பது அரிது. தமிழில் பேசும்போதும் அதே தடுமாற்றம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வீட்டில் பிள்ளை கதை சொல்லும் ஒலிப்பதிவையும், எந்த வயதில் எப்படிப் பேசியது என்ற குறிப்பையும் கொடுத்து, அறிக்கையில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஏடிஹெச்டி (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) என்றால் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும் என்பார்கள். நல்ல காப்பீடு உள்ளவருக்கு அது ஒரு அப்பாயின்ட்மென்ட். இல்லாதவருக்கு அங்கேயே வண்டி நின்றுவிடும். மதிப்பீட்டுக்குத் தேவையான எதற்கும் பெற்றோர் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதை ஆபீஸில் யாரும் தானாகச் சொல்வதில்லை. கேட்டால் மட்டும் தலையாட்டுகிறார்கள்.

சோதனைகள் ஒழுங்காகவே நடந்தன.

அறிக்கை முடிந்து 30 நாளுக்குள் ஆர்டு மீட்டிங். மற்ற மாநிலங்கள் ஐஇபி மீட்டிங் என்பதைத்தான் டெக்சாஸில் இப்படிச் சொல்கிறார்கள். ஐந்து பள்ளி நாள் முன்னதாக அழைப்பு வர வேண்டும். அறிக்கைப் பிரதியை அதற்கு முன்பே வாங்கிப் படித்துவிடுங்கள். மீட்டிங்கில் ஐந்தாறு பேர் மாறி மாறிப் பேசும்போது புரியாது. நேரம் பெரும்பாலும் வேலை நாள் பகலில்தான். லேப்டாப்பை மூடிவிட்டு வரக்கூடியவருக்குச் சிரமமில்லை. மணிக்கணக்குச் சம்பளத்தில் இருக்கும் தாய்க்கு அரை நாள் கூலி போகும். தொலைபேசியில் கலந்துகொள்ளலாம், வேறு நேரமும் கேட்கலாம். அழைப்பு வந்த அன்றே எழுதிக் கேளுங்கள்.

மீட்டிங்கில் எங்கள் கண்ணில் பட்ட கோளாறு நிமிடக் கணக்கு. ஸ்பீச் தெரபி "ஒன்பது வாரத்துக்கு 180 நிமிடம்" என்று இருந்தது. பார்க்கப் பெரிய எண். ஆனால் ஆறு வாரம் ஒன்றும் நடக்காமல் கடைசி மூன்று வாரத்தில் நிரப்பினாலும் அது சரியாகிவிடும். வாரத்துக்கு எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா, எந்த அறையில் என்று எழுத வையுங்கள். இலக்குகளிலும் "வாசிப்பு மேம்படும்" போன்ற வரி வேண்டாம்; இப்போது நிமிடத்துக்கு எத்தனை சொல், ஆண்டு முடிவில் எத்தனை என்று இருக்க வேண்டும். பிள்ளையின் நிலைமைக்கு ஏற்ற முன்னேற்றம் தரும் திட்டமாக இருக்க வேண்டும், பேருக்கு ஏதோ ஒன்று போதாது என்று 2017-ல் எண்ட்ரூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கையெழுத்திடும் இடத்தில் நிதானம். வந்திருந்தேன் என்பதற்கான கையெழுத்து வேறு, ஒப்புக்கொள்கிறேன் என்பது வேறு. ஒப்பவில்லை என்றால் பத்துப் பள்ளி நாளுக்குள் மறுபடி கூட ஒரு வாய்ப்புத் தர வேண்டும். மதிப்பீடே தவறு என்று பட்டால், டிஸ்ட்ரிக்ட் செலவில் வெளி நிபுணரின் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். அவர்கள் காசு கொடுக்க வேண்டும், இல்லையேல் தாங்களே விசாரணைக்கு மனுப் போட வேண்டும். வசதியுள்ளவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துத் தனியார் அறிக்கையோடு முதல் மீட்டிங்குக்கே வந்துவிடுகிறார்கள். அந்த மேசையில் அவர்களோடு பேசும் தொனியே வேறு.

மொழிபெயர்ப்பாளரை மீட்டிங்குக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். தர வேண்டியது அவர்கள் கடமை. முடிந்த ஐஇபியின் மொழிபெயர்ப்பு விஷயம் வேறு. பெற்றோரின் மொழி ஸ்பானிஷ் என்றால் எழுத்திலோ ஒலிப்பதிவாகவோ தந்தே ஆக வேண்டும். வேறு எந்த மொழி என்றாலும் நல்லெண்ண முயற்சி செய்தால் போதும் என்கிறது டெக்சாஸ் சட்டம். தமிழ் அந்த "வேறு"க்குள்தான் வருகிறது. அதனால் மீட்டிங்கை நீங்களே போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், பதிவு செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு.