தாம்போனில் பதினான்காவது கிலோமீட்டர்

மாதம் 750 யூரோ. வீட்டு வாடகைக்கு அதற்கு மேல் எங்களால் ஒதுக்க முடியாது. கணவருக்கு ராணுவ ஓய்வூதியம் வருகிறது. நான் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பணிவிடை செய்கிறேன். அந்தச் சம்பளம் இருக்கிறது. எழுபத்தெட்டு வயதில் இளைப்பு நோயோடு மாமியார் இருக்கிறார். ஒரு பழைய கார் இருக்கிறது. இவற்றை வைத்துக்கொண்டு தலைநகர் சேன்-தெனியின் வெக்கையை விட்டு, இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் மலைகளில் எங்கே குடிபோகலாம் என்று மாதக்கணக்கில் அலைந்தோம். இதே யோசனையில் இருக்கும் நம் காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்கள் இங்கே சில உண்டு. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காரைக்காலில் இருக்கும் என் அக்காவிடம் மலைக்குப் போகிறோம் என்று சொன்னதும், "கொடைக்கானல் மாதிரி இருக்குமா?" என்று கேட்டார். குளிர் என்றால் குளிர்தான். ஆனால் இந்தத் தீவு சின்னது. நடுவில் 3,070 மீட்டர் உயரத்துக்கு மேல் பிட்டோன் தே நேஜ் சிகரம் நிற்கிறது. மக்கள் பெரும்பாலும் கடலோரத்தை ஒட்டியே வசிக்கிறார்கள். கடற்கரையிலிருந்து அரை மணி நேரம் காரில் ஏறினால் ஸ்வெட்டர் தேவைப்படும். அதனால் எத்தனை மீட்டர் உயரம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வீடு பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்தது வேறு. மலையின் எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. அந்த வீட்டுக்குப் போகும் சாலை மழைக்காலத்தில் திறந்திருக்குமா என்பது இரண்டாவது. உயரம் மூன்றாவதாகத்தான் வருகிறது.

காற்று ஆண்டு முழுவதும் தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கிழக்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. மேற்குக் கரை காய்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே நாற்பது ஐம்பது கிலோமீட்டர்தான் தூரம். எவ்வளவு மழை என்று ஊரில் உள்ளவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1980 ஜனவரியில் இயசின்த் புயலின்போது எரிமலைப் பக்கத்துக் கொமெர்சோன் பள்ளத்தில் பதினைந்தே நாளில் 6,083 மில்லிமீட்டர் பெய்தது. அது உலக சாதனை. புதுச்சேரியில் ஓராண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1,300.

குறைந்த வாடகை எங்களை முதலில் இழுத்துக்கொண்டு போனது ப்ளேன்-தே-பால்மிஸ்துக்கு. கிழக்குக் கரையின் சேன்-பெனுவாவிலிருந்து மலையேறும் சாலையில், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் சமவெளி. நாலு அறை, சுற்றிலும் தோட்டம், வேலியோரம் கொய்யாவியே என்னும் சிறுகொய்யாச் செடிகள், 620 யூரோ. ஜூன் மாதம், சிவப்புப் பழங்கள் கொத்துக்கொத்தாய்த் தொங்கின. கணவருக்கு அங்கேயே மனம் ஒட்டிவிட்டது. நான் வேலியருகே நின்ற பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் என்னைத் தன் வீட்டுக்குள் அழைத்துப் போய் அலமாரியைத் திறந்து காட்டினார். தோல் செருப்புகள் மீது பச்சை பூத்திருந்தது. "மதாம், சுவரைத் தொட்டுப் பாருங்கள்" என்றார். கை ஈரமானது. மழைக்காலம் முடிந்து காய வேண்டிய மாதத்தில் அந்த நிலை. குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் பலமாக வீசுவதால் கிழக்குப் பக்கத்துக்கு உண்மையான வறண்ட காலம் கிடையாது என்பதை அவர்தான் விளக்கினார். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவும் பகலும் ஓட வேண்டும். கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. ஆனால் பனிமூட்டத்தில் அதில் சூடு ஏறாமல், மின்சாரத்தில்தான் தண்ணீர் காய்கிறது. அந்த நல்ல மனுஷி தன் மின்கட்டணச் சீட்டையே எடுத்துக் காட்டினார். வாடகையில் மிச்சமாகும் காசு முழுவதும் அதில் கரைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூஞ்சை படிந்த சுவருக்குள் இளைப்பு உள்ள மாமியாரை எப்படிப் படுக்க வைப்பது?

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். புதுச்சாயம் சுவரை மறைத்துவிடும். அலமாரியின் உள்வாசனையை மறைக்க முடியாது.

அடுத்தது சலாசி. சேன்-அந்த்ரேயிலிருந்து உள்ளே போகும் பள்ளத்தாக்கு. எத்தனை முறை போனாலும் எனக்கு அங்கே நெஞ்சு நிறைந்துவிடும். பாறை முழுக்க அருவி. பந்தல் பந்தலாய் சௌசௌ. நம் ஊரில் கூட்டுக்கு ஒன்றிரண்டு வாங்கும் காய் அங்கே மலைச்சரிவை மூடிக்கொண்டு படர்ந்திருக்கிறது. தளிரைக்கூடக் கீரையாகச் சமைக்கிறார்கள். எல்-பூர் கிராமத்தின் பழைய மரவீடுகளின் அழகைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் மண் நிலையானது அல்ல. 1875 நவம்பரில் கிராந்-சாப்ள் என்ற குடியிருப்பின்மீது மலை சரிந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்து போனார்கள். இன்றும் பெருமழை வந்தால் சாலையில் பாறை விழுகிறது, மண் சரிகிறது. உள்ளே போக அந்த ஒரே சாலைதான். அது மூடிய நாளில் நான் வேலைக்குப் போக முடியாது. போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. மாமியாருக்கு மூச்சுத் திணறினால் ஹெலிகாப்டர் வர வேண்டும். புயலில் அதுவும் பறக்காது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரெஞ்சுச் சட்டப்படி, ஆபத்துப் பகுதியில் வீடு வாடகைக்கு விடுபவர் அந்த இடத்துக்கு என்னென்ன இயற்கை ஆபத்துகள் உண்டு என்ற அறிக்கையைக் குடிவருபவருக்குக் கொடுத்தாக வேண்டும். 'எத்தா தே ரீஸ்க்' என்று கேளுங்கள். அரசின் ஜியோரீஸ்க் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் நாமேகூட இலவசமாகப் பார்க்கலாம். நான் கேட்டபோது ஒரு வீட்டுக்காரர் முகம் சுளித்தார். அந்த வீட்டின் பின்புறம் ஒரு ரவீன், அதாவது மலை ஓடை, ஓடியது. ஓடியது என்றா சொன்னேன், அன்றைக்கு அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, உருண்டைக் கற்கள்தான் கிடந்தன. ஆனால் அவ்வளவு பெரிய கற்களை உருட்டிக் கொண்டுவந்தது எது? வறண்ட ரவீனைப் பார்த்தால் கல்லின் பருமனைப் பாருங்கள். வெள்ளம் வந்தால் எப்படி வரும் என்று அதுவே சொல்லிவிடும். வரைபடத்தில் அந்தத் தெருவுக்குச் சிவப்பு நிறம் இருந்தது.

சிலாவோஸ் என்ற மலையூரைக் கைவிடத்தான் எனக்கு மனமே வரவில்லை. 1,200 மீட்டர் உயரம். மலைச்சுவர்கள் சூழ்ந்து நிற்பதால் காலை வெயில் தெளிவாக இருக்கும். காற்றில் அந்தப் பிசுபிசுப்பு இல்லை. அங்கே விளையும் பயறு தீவு முழுக்கப் பேர் பெற்றது. மாமியார் ஒரு பகல் முழுக்க அங்கே இருமாமல் உட்கார்ந்திருந்தார். "இங்கேயே இருந்துவிடலாமா அம்மா?" என்று என்னைக் கேட்டார். சேன்-லூயியிலிருந்து சிலாவோஸ் 37 கிலோமீட்டர். அந்தச் சாலையில் நானூறுக்கும் அதிகமான வளைவுகள். ஒற்றை வண்டி மட்டும் நுழையும் குகைவழிகள் உண்டு. போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. என் வேலை கடலோரத்தில் இருக்கிறது. ஓய்வூதியம் மட்டும் போதும் என்ற நிலையில், உடம்பும் நன்றாக இருப்பவர்களுக்கு சிலாவோஸைவிட நல்ல இடம் இந்தத் தீவில் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். எங்களுக்கு இப்போது அது ஒத்துவராது. மாமியாரிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

மஃபாத் பள்ளத்தாக்கைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். அங்கே சாலையே கிடையாது. நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டும். நிலத்தை விலைக்கு வாங்கவும் முடியாது. நடந்து பார்த்துவிட்டு வரலாம்.

மிஞ்சியது தெற்குப் பக்கம். சேன்-பியேரிலிருந்து தாம்போன் வழியாக எரிமலை நோக்கி ஏறும் மூன்றாம் எண் தேசியச் சாலை. அங்கே ஊர்களுக்குக் கிலோமீட்டர்தான் பெயர். பதினொன்று, பதினான்கு, இருபத்து மூன்று, இருபத்தேழு என்று சேன்-பியேரிலிருந்து எண்ணிக்கொண்டே போகிறார்கள். கிலோமீட்டர் கூடக்கூட வாடகை இறங்குகிறது, குளிர் ஏறுகிறது. இது அகலமான சாலை. பக்கச் சாலைகளும் உண்டு. மழைக்கு ஒதுங்கிய பக்கம் என்று சொல்ல முடியாவிட்டாலும் பால்மிஸ்தோடு ஒப்பிட்டால் ஈரம் எவ்வளவோ குறைவு.

இருபத்தேழாவது கிலோமீட்டர் என்பது பூர்-முரா. ப்ளேன்-தே-காஃப்ர் சமவெளி, பசுக்கள் மேயும் பச்சை, ஜூலை ஆகஸ்டில் விடியற்காலை புல்லின்மேல் உறைபனி. எரிமலைப் பக்கம் என்று பயப்பட வேண்டாம். எரிமலைக் குழம்பு பெரும்பாலும் ஆள் இல்லாத பள்ளத்துக்குள்ளேயே வழிகிறது. 1977இல் பிட்டோன்-சேன்த்-ரோஸ் கிராமத்துக்குள் புகுந்தது கீழே கிழக்குக் கரையில். பூர்-முராவில் ஒரு வீடு 640 யூரோவுக்கு இருந்தது. பதினான்காவது கிலோமீட்டரில், எண்ணூறு மீட்டரை ஒட்டிய உயரத்தில், அதைவிடச் சின்ன வீடு 720. யாராக இருந்தாலும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். நாங்கள் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

சேன்-பியேருக்கு வேலைக்குப் போய்வர மேலிருந்து ஒரு நாளைக்கு 54 கிலோமீட்டர், பதினான்கிலிருந்து 28. மாதத்துக்கு இருபது வேலைநாள். எங்கள் கார் நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் குடிக்கும். லிட்டர் 1.70 யூரோ என்று வைத்துக்கொண்டால் மேலிருந்து மாதம் 129 யூரோ, பதினான்கிலிருந்து 67. வாடகை வித்தியாசம் 80; அதில் பெட்ரோலிலேயே 62 திரும்பி வந்துவிடுகிறது. மிச்சம் 18 யூரோ. மேலே குளிர்காலத்தில் அறையைச் சூடாக்காமல் வயதானவர் தூங்க முடியாது. விறகோ மண்ணெண்ணெய் ஹீட்டரோ மின்சாரமோ, எதுவானாலும் 18 யூரோ ஒரு வாரம்கூடத் தாங்காது. மண்ணெண்ணெய்ப் புகை மாமியாரின் நெஞ்சுக்கு ஆகவே ஆகாது. பதினான்கில் ஜூலை இரவு பத்து பன்னிரண்டு டிகிரி, கம்பளி போதும். இப்படி எழுதிப் பார்த்தபோது குறைந்த வாடகை வீடுதான் அதிகச் செலவு வீடு என்று தெரிந்தது. கணவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பூர்-முரா பேச்சே எடுக்கவில்லை.

அந்தப் பதினான்காவது கிலோமீட்டர் வீட்டைப் பல நேரங்களில் போய்ப் பார்த்தோம். இந்த மலைகளில் காலை பத்து மணி வரை எல்லா வீடும் அழகுதான். வெயில் ஏறியதும் கீழிருந்து மேகம் ஏறி வந்து மூடிக்கொள்கிறது. அதனால் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை, நல்ல மழையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை கட்டாயம் போய்ப் பாருங்கள். மழையில் போனபோது கூரைத் தகரத்தின் ஓசை, வாசலில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, உள்ளே கைப்பேசிக்குச் சிக்னல் வருகிறதா என்று எல்லாம் பார்த்தோம். எதிர்வீட்டு முசியேவிடம் 2025 பிப்ரவரி கரான்ஸ் புயலில் எத்தனை நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். அடுத்த புயலுக்கு எத்தனை குடம் தண்ணீர் பிடித்து வைப்பது என்பது அதை வைத்துத்தான்.

குறையும் உண்டு. காலையில் தாம்போனிலிருந்து சேன்-பியேருக்கு இறங்கும் சாலையில் வண்டிகள் நகராமல் நிற்கும். ஆறரைக்குள் கிளம்பியாக வேண்டும். வீட்டில் ஒரு அறை இருட்டு. கோயிலுக்குச் சேன்-பியேரின் நரசிங்கப் பெருமாள் சன்னதி வரை இறங்க வேண்டும். ஆனால் சனிக்கிழமைச் சந்தைக்கு எப்படியும் அங்கேதான் போவோம், இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய மருத்துவமனையும் அதே ஊரில். கறிவேப்பிலை அந்த உயரத்தில் தழைக்கிறது என்று எதிர்வீட்டில் வளர்ந்த மரத்தைக் காட்டினார்கள். மாமியார் அதற்குப் பிறகு வேறெதுவும் கேட்கவில்லை.

ஜூலை முதல் வாரம் சாமான்களை ஏற்றுகிறோம். குளிர் உச்சத்தில் இருக்கும்போதே போவது நாங்களே தேர்ந்தெடுத்தது. அந்த மாதத்தை மாமியார் தாங்கிவிட்டால் மற்ற மாதங்களைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தாயிற்று. வீட்டை வாங்கிக்கொள்ளவும் உரிமையாளர் சொல்லிப் பார்க்கிறார். பத்திரம் பதியும் நோத்தேரின் செலவு மட்டுமே விலையில் ஏழெட்டு விழுக்காடு ஆகும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஒரு முழுப் புயல்காலத்தை அந்தக் கூரைக்குக் கீழே இருந்து பார்த்துவிட்டு, அடுத்த மே மாதம்தான் அதைப் பற்றிப் பேசுவோம் என்று அவரிடம் சொல்லிவிட்டோம்.