முகத்துவாரம் வெட்டும் வாதத்தை வரைபடமாக்கப் பட்ட பாடு

மாரி மழை வந்தால் மட்டக்களப்பில் இந்தத் தகராறும் வரும். வேளாண்மை மூழ்குகிறது, வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தின் மணல்மேட்டை வெட்டி வெள்ளத்தை விடுங்கள் என்பார்கள் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் விவசாயிகள். அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்பார்கள் வாவி மீனவர்கள். இரு பக்கக் காரணங்களையும் ஒரே இடத்தில் வைக்கலாமென்று காரணங்களைக் கிளை கிளையாக வரைந்து காட்டும் இணைய வாத வரைபடக் கருவிகளை எடுத்தோம். கணக்குத் திறந்து இணைப்பு அனுப்பியதுவரை சிக்கல் இல்லை.

முதலில் எடுத்தது ஆதரவு, எதிர்ப்பு என்று கிளை பிரிக்கும் வகை. உச்சியில் "முகத்துவாரத்தை வெட்ட வேண்டும்" என்ற வாசகம் ஏறியதுமே ஆட்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஆனால் வெட்டவே கூடாது என்றவர் ஒருவருமில்லை. எந்த நீர்மட்டத்தில், யாரைக் கேட்டு வெட்டுவது என்பதுதான் பிரச்சினை. குன்ஸ், ரிட்டல் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் முன்வைத்த ஐபிஸ் (IBIS) என்ற வாத முறையில் கேள்விதான் முதலில் வரும், பிறகு நிலைப்பாடுகள், அவற்றின் கீழே காரணங்கள். அப்படி மாற்றிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது. நீங்களும் உச்சியில் கேள்வியையே வையுங்கள்.

அடுத்த தலைவலி, கணக்குத் திறக்கக் கேட்கும் மின்னஞ்சல். வயதான மீனவர்களிடம் வட்ஸ்அப் மட்டும்தான் இருக்கிறது. அவர்களிடம் குரல் பதிவு வாங்கி, தட்டச்சு செய்து, திரும்ப வாசித்துக் காட்டி ஏற்றினோம். பெயர் போடவும் பலர் தயங்கினார்கள். அதனால் பெயர் போடாமல் வாக்களிக்கக்கூடிய பொல்.இஸ் (Pol.is) என்ற இணையக் கருவியை வாக்கெடுப்புக்கு எடுத்தோம். 2015இல் தைவானில் ஊபர் வாடகைக் கார் விவகாரத்துக்குப் பயன்பட்ட கருவி அது. ஒருவர் கூற்றுக்கு மற்றவர் பதில் எழுத வழியில்லை. ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். சண்டை பாதி அங்கேயே அடங்கியது. கூற்றுகளைச் சின்னதாக எழுதுங்கள். எழுத்து வரம்புள்ள கருவிகளில் தமிழின் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்பட்டு இடத்தைத் தின்றுவிடும்.

மனதை நோகடித்தது ஒரு கந்தோர்தான். பழைய நீர்மட்டப் பதிவைக் கேட்டால் "உங்களுக்கு எதுக்கு?" என்றார் அங்கிருந்தவர். சங்கக் கடிதத்தோடு போனால் பெரியவர் இல்லை என்றார்கள். கடைசியில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்தோம். அந்தச் சட்டப்படி காரணம் சொல்லத் தேவையில்லை. பற்றுச்சீட்டை மட்டும் கையோடு வாங்கிவிடுங்கள். பதிவு கிடைத்து, அதை உரிய கேள்வியின் கீழ் இணைத்ததும் "அந்த வருஷம் தண்ணி இவ்வளவு நின்றது" என்ற ஊகப் பேச்சு நின்றுபோனது.

வெட்டும் முன் நீர்மட்டத்தை அறிவித்து விவசாயிகள், மீனவர்கள் சங்கங்கள் இரண்டையும் கூப்பிட வேண்டும் என்ற கூற்றை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். கூட்டத்துக்குப் போகும்போது வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்துக்கொண்டு போங்கள். போன் திரையில் அதை யாரும் வாசிக்க மாட்டார்கள்.