கருவாட்டுக் களத்தில் புரிந்த சவ்வூடு பரவல்

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தேர்வுக்கு முதல் தடவை படித்தபோது சவ்வூடு பரவல் அழுத்தத்தை, அதாவது கரைபொருள் கூடுதலாக உள்ள பக்கத்துக்குச் சவ்வு வழியே தண்ணீர் இழுபடும் அழுத்தத்தை, பள்ளிக்கூடப் பாடம் என்று தள்ளிவிட்டேன். உப்புநீரில் செல் சுருங்கும், வெறும் தண்ணீரில் வீங்கும், அவ்வளவுதானே!

ஒரு மாதிரித் தேர்வில் மாட்டிக்கொண்டேன். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் கரைசலில், தண்ணீரில் கரையும் பாலிமரான பாலிஎத்திலீன் கிளைகாலைச் சேர்த்தால் ஆக்சிஜனைப் பிடிக்கும் நாட்டம் கூடுமா, குறையுமா? கரைசலில் செல்லும் இல்லை, சவ்வும் இல்லை. ‘மாற்றமில்லை’ என்று குறித்தேன். பகுதி ‘சி’ கேள்வி. சரியென்றால் 4 மதிப்பெண், தப்பென்றால் 1 கழியும். கழிந்தது.

சவ்வு இருக்கத்தான் செய்தது, எனக்குத்தான் தெரியவில்லை. புரதத்தின் இடுக்குகளில் தண்ணீர் நுழையும், கிளைகால் நுழையாது. அப்படியென்றால் அந்த இடுக்கின் வாயே சவ்வு. வெளியே கிளைகால் கூடக் கூட உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே இழுபடும். ஆக்சிஜனைப் பிடித்த வடிவத்துக்கு மாறும்போது ஹீமோகுளோபின் சுமார் 60 தண்ணீர் மூலக்கூறுகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது என்று 1992இல் கொலம்போ, ராவ், பார்செஜியன் மூவரும் காட்டினார்கள். தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தால் அது ஆக்சிஜன் இல்லாத வடிவத்திலேயே நிற்கப் பார்க்கும். ஆக, நாட்டம் குறையும்.

இதை விதியாக மனப்பாடம் செய்துவிடாதீர்கள். டிஎன்ஏவை வெட்டும் ஈகோஆர்ஐ நொதி, டிஎன்ஏவில் தனக்குரிய இடத்தில் உட்காரும்போது இடையிலுள்ள தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் உட்காருகிறது. அங்கே அழுத்தம் கூடினால் பிடி இறுகும். எந்த வடிவம் தண்ணீரைக் குறைவாக வைத்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள், விடையின் திசை கிடைத்துவிடும்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். சித்தி கருவாடு போடுகிறவர். யூரியா புரதத்தைக் குலைக்கும் என்று திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சுறாத் துண்டுகள் உப்பில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன.

“சுறா மட்டும் ஏன் சித்தி மூத்திர வாடை அடிக்குது?”

“அதோட ரத்தமே அப்படித்தாண்டா.”

பாடமே அதுதான். கடல்நீரின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கச் சுறா தன் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைக்கிறது. செத்த பிறகு பாக்டீரியா அதை அமோனியாவாக உடைப்பதால்தான் அந்த வாடை. சரி, அத்தனை யூரியாவில் சுறாவின் புரதங்கள் ஏன் குலையவில்லை? கூடவே ட்ரைமெத்தில்அமீன் ஆக்சைடு என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது, இரண்டு பங்கு யூரியாவுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு. அது புரதத்தின் முதுகெலும்புச் சங்கிலியோடு ஒட்டாமல் விலகி நிற்கும். அதனால் புரதத்துக்கு விரிந்து கிடப்பதைவிட மடிந்திருப்பதே சௌகரியமாகிவிடுகிறது. யூரியா ஒட்டிக் கெடுக்கும், இது விலகிக் காக்கும். இந்த ஜோடியை வைத்து எத்தனை விதமாகக் கேட்டாலும் இப்போது எனக்குத் தடுமாற்றமில்லை. சித்திக்கு நன்றி.

கணக்குக்கு அதிக நேரம் வேண்டாம். 27 டிகிரி செல்சியஸில் 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) சர்க்கரைக் கரைசல் என்றால் சுமார் 24.6 வளிமண்டல அழுத்தம். 25 என்று வைத்து மோலார் அளவால் பெருக்குங்கள். சாதாரண உப்பு என்றால் அயனிகள் இரண்டு, மறக்காமல் இரட்டியுங்கள். அப்புறம், எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள், துகள்களின் எண்ணிக்கைதான் கணக்கு. ரத்த பிளாஸ்மாவின் மொத்த அழுத்தம் 5,000 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் மேல். அதில் ஆல்புமின் உள்ளிட்ட புரதங்களின் பங்கு வெறும் 25 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் உப்பு தந்துகி எனும் நுண் ரத்தக்குழாயின் சுவரைத் தாண்டிவிடும், புரதம் பெரும்பாலும் தாண்டாது. ஆல்புமின் குறைந்தால் கால் வீங்குவது அந்த 25இல் விழும் அடியால்தான்.