ஸ்காட்லாந்தின் அரைகுறை வரி அதிகாரம்

ஸ்காட்லாந்தில் வரி அதிகம் என்று திட்டுகிறவர்கள் அந்த அதிகாரம் எவ்வளவு அரைகுறை என்பதையும் பேசுங்கள். 2016 ஸ்காட்லாந்து சட்டப்படி சம்பளத்துக்கான வருமான வரி விகிதங்களை எடின்பரோ (ஸ்காட்லாந்து நாடாளுமன்றம்) தீர்மானிக்கலாம், ஆனால் வட்டி, டிவிடெண்ட் (பங்குகளில் வரும் லாபப் பங்கு) மீதான வரி லண்டன், அதாவது பிரிட்டன் அரசு, கையில்தான், அதனால் 2025-26இல் 43,662 பவுண்டைத் தாண்டிய சம்பளக்காரர் அதற்கு மேல் 75,000 பவுண்டு வரை 42 சதவீதம் கட்டினார், பங்கு வருமானத்தில் வாழ்பவரை எடின்பரோ தொடவே முடியாது. இது அநியாயம்.

அப்புறம், வசூலாவது முழுசாகக் கூடுதல் பணமும் இல்லை. இந்த வரிக்கு ஈடாக லண்டன் தரும் மானியத்தில் ஒரு தொகையைக் கழிப்பார்கள், பிரிட்டனின் மற்ற பகுதிகளில் வரி வருவாய் வேகமாக வளர்ந்தால் அந்தக் கழிவும் வளரும்.

இத்தனைக்கும் நடுவில் ஏழைக் குழந்தைகளுக்கு வாரக் கணக்கில் உதவித்தொகை, உள்ளூர் மாணவர்களுக்கு இலவசப் பல்கலைக்கழகப் படிப்பு! அதற்காக அந்த வரியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.